ஒத்திகைக்கு வைத்த டீசல்

"இங்கிலீஷை அப்படியே வாசிக்காண்டாம். என்னை என்ன குத்தம் சொல்லியிருக்காவன்னு மட்டும் சொல்லுங்க மக்களே" என்றார் லிங்கம். வயதில் சின்னவர்கள் யாராக இருந்தாலும் அவருக்கு 'மக்களே'தான்.

கிழக்கேகோட்டையில் வக்கீல் ஆனந்தகிருஷ்ணன் சாரின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே நான் காகிதங்களை மொழிபெயர்க்கிறேன். லிங்கத்துக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும், ஆனால் தமிழ் மட்டும்தான் வாசிப்பார். கடலோரக் காவல் நிலையத்தின் படகில் எஞ்சின் டிரைவர். அவருக்கு வந்த குற்றப்பத்திரிகை என் மேசைமேல் இருந்தது.

"முதல் குற்றம், அனுமதி இல்லாமல் அரசுப் படகைக் கடலுக்குக் கொண்டுபோனீர்கள்."

"எஸ்.ஐ. சார் படகு கெட்டுத ஜெட்டியிலதான் நிக்காரு. போன்னு கையைக் காட்டினாரு. வாயால சொல்லல்ல. கை காட்டினது பேப்பர்ல ஏறாதுல்லா. சரி, அடுத்தது?"

"வெளியாட்கள் கொடுத்த எரிபொருளை அரசுப் படகில் ஊற்றினீர்கள்."

"ஊத்தினேன். பின்ன, கடல்தண்ணிய ஊத்தியா ஓட்டுவாவ?"

உள்ளறையில் வக்கீல் சார் சிரிப்பது கேட்டது. நான் அடுத்த பத்திக்குப் போனேன்.

"அந்த எரிபொருள் மண்ணெண்ணெய் கலந்தது. அதனால்தான் எஞ்சின் பழுதாகி நடுக்கடலில் நின்றது. ஜெட்டியில் கைப்பற்றிய கேனைப் பரிசோதித்ததில் இது உறுதியாகியிருக்கிறது."

"எந்தக் கேன்?"

"நீல நிறக் கேன். பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் சிலுவை வரைந்தது."

லிங்கம் எழுந்தேவிட்டார். "அடப் பாவிகளா! அது நான் ஊத்தாத கேன்லா!"

"ஊத்தாததா?"

"ஊத்தாததுனாலதான மக்களே அதுல எண்ணெய் இருந்தது. ஊத்தின கேன் காலியால்லா கிடக்கும்? காலிக் கேன்ல எதை எடுத்து டெஸ்ட் பண்ணுவான்?"

அவர் திரும்ப உட்கார்ந்து குரலைத் தணித்தார். "இந்தப் பேப்பர் ஜெபமலர் கண்ணுல பட்டுதா?"

"யார் ஜெபமலர்?"

"கேன் அவளுக்கதாக்கும். அவளுக்க மாப்பிள்ளையத் தேடித்தான் நான் போனது."

லிங்கத்தின் ஊர் குளச்சல் பக்கம். பள்ளிக்கூடம் சரிப்படவில்லை, நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். அங்கிருந்து விசைப்படகு எஞ்சின்கள், படகுகளோடு விழிஞ்ஞம். மனைவி செண்பகவல்லி கோவளத்தில் ஒரு ஓட்டலில் சமையல் வேலைக்குப் போகிறார். ஒரு எஞ்சினைப் பற்றிப் பேசும்போது லிங்கம் அதை 'அவன்' என்பார். 'அவனுக்கு மூச்சு முட்டுகு', 'அவன் தண்ணி கேக்கான்' என்பார். செண்பகவல்லியக்கா இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்: "எனக்குக் காய்ச்சல் வந்தா தெரியாது. அந்தப் பயலுக்கு வந்தா மணத்திலயே கண்டுபிடிச்சிருவாரு."

மும்பையில் கடல்வழியாகத் தாக்குதல் நடந்த பிறகு நாட்டின் கடற்கரைக்கெல்லாம் பணம் வந்தது. அந்தப் பணத்தில் வந்த நிலையங்களில் ஒன்றில்தான் லிங்கத்துக்கு வேலை கிடைத்தது. நிலையத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை, வழக்கு இன்னும் முடியவில்லை. டெல்லி கட்டடம் கொடுத்தது, ஜெட்டி கொடுத்தது, வேகமாகப் போகிற படகு கொடுத்தது. அதை ஓட்டத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது மட்டும் யாருடைய கணக்கிலும் இல்லை. அதனால் லிங்கம் ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பார்கள். காக்கி நிறத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு நிறத்தில் ஒரு சட்டை, தொப்பி கிடையாது. பெரிய அதிகாரிகள் வந்து படகில் நின்று படம் எடுக்கும்போது, "பாண்டி, கொஞ்சம் மாறி நில்லு" என்பார்கள். அவர் எஞ்சின் அறைக்குள் இறங்கிவிடுவார். கடற்கரையில் அவர் 'போலீஸ் லிங்கம்', போலீசுக்கு அவர் 'பாண்டி', தமிழனை அங்கே இளக்காரமாகக் கூப்பிடுகிற பெயர்.

மொழிபெயர்ப்புக்காக அந்தக் காகிதங்களை வாரக்கணக்கில் வாசித்திருக்கிறேன். வாசிக்க வாசிக்க எனக்கு வந்த கோபத்தை வைக்க இடமில்லை. நாட்டின் உள்ளே இருக்கிறவர்களின் பாதுகாப்புக்கு என்று ஒரு பெரிய தொகை டெல்லியில் ஒதுக்கப்படுகிறது. அது தலைப்பு தலைப்பாகப் பிரிந்துதான் இறங்குகிறது. படகு வாங்க ஒரு செலவுத் தலைப்பு. அதை மத்திய அரசு கொடுக்கும், நாடா வெட்டுவதற்கு ஆளும் வரும். ஓட்டுவதும் பழுதுபார்ப்பதும் முதல் சில வருடங்களுக்குத் திட்டத்தில், பிறகு மாநிலத்தின் பொறுப்பு. மாநிலம், "படகு உங்களுடையது, அடுத்த கட்டத் திட்டம் வரட்டும்" என்று எழுதும். மத்தியிலிருந்து, "அடுத்த கட்டம் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும். இந்த இரண்டு வாக்கியங்களும் தேதி மட்டும் மாறி மாறி அந்தக் கோப்பில் திரும்பத் திரும்ப வந்தன. இவற்றுக்கு நடுவே ஜெட்டியில் கட்டியிருந்த படகில் எஞ்சினைக் குளிரவைக்கும் பம்பு தேய்ந்துகொண்டிருந்தது. லிங்கம் கேட்டுக்கொண்டே இருந்தார். புதுப் பம்பு வரவில்லை. வாசலுக்குப் புது இரும்புக் கேட்டும் நான்கு திசைக்கும் கேமராவும் வந்தன. அவை வேறு தலைப்பு.

டீசலும் அப்படித்தான். ரோந்துக்கான டீசல் ஒதுக்கீடு வருடம் முடியும் முன்பே தீர்ந்துவிடும். ஆனால் வருடத்தில் சில நாள் ஒத்திகை நடக்கும். தீவிரவாதிகள் படகில் வருவதுபோல் சில போலீஸ்காரர்கள் மாறுவேடத்தில் வருவார்கள், மற்றவர்கள் பிடிப்பார்கள். அதற்குத் தனி ஒதுக்கீடு, தனி டீசல். நிலையத்தின் பின்னால் ஒரு ஷெட்டில் பீப்பாய்களில் அடைத்துப் பூட்டி வைத்திருப்பார்கள்.

ஜெபமலரின் கணவர் சேசடிமை, தன் ஃபைபர் வள்ளத்தில் செல்வகணேஷ் என்ற இளைஞனையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனது ஒரு ஆடிமாதக் காலை. செல்வகணேஷ் தூத்துக்குடிக்காரன், கூலிக்கு வந்தவன். காற்று திடீரென்று திரும்பியது. வேறு வள்ளக்காரர்கள் கவிழ்ந்த வள்ளத்தின் முனையைத் தூரத்திலிருந்து பார்த்தும் அலையில் அருகே போக முடியாமல் கரைக்கு வந்து சொன்னார்கள். கரையில் இருந்ததிலேயே பெரிய, வேகமான படகு காவல் நிலையத்துப் படகு. ஜெட்டியில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

படகின் டாங்கில் டீசல் இல்லை.

லிங்கம் ஷெட்டின் சாவியைக் கேட்டார். எஸ்.ஐ. கெட்டவர் இல்லை என்று லிங்கமே சொல்வார். அவர் நகரத்தில் இருந்த மேலதிகாரிக்குப் போன் செய்தார், பிறகு இன்னொருவருக்கு. திரும்பி வந்து தலையாட்டினார்.

"அது ஒத்திகை அக்கவுண்ட், லிங்கம். தொட்டா ஆடிட்டுக்கு நான்தான் சமாதானம் சொல்லணும்."

"அப்போ இதையும் ஒத்திகைன்னு எழுதிக்கிடுங்க சார். ரெண்டு தீவிரவாதி கடல்ல கிடக்கான்னு எழுதுங்க. நான் போய்ப் பிடிச்சிட்டு வாறேன்."

"ஒத்திகைக்கு மேலேயிருந்து தேதி வரணும்."

"இல்லாத தீவிரவாதிக்குத் தேதி வரும். உள்ள மனுசனுக்கு வராது. நல்ல ஏற்பாடுதான்."

எஸ்.ஐ. சாவியைத் தரவில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வள்ளம் காணாமல் போனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. வீட்டுக்கு ஒரு கேன் எண்ணெய் தன்னால் கரைக்கு வரும். யார் எவ்வளவு என்று எழுதிவைப்பதில்லை, திருப்பிக் கொடுப்பதும் இல்லை. முதல் கேன் காணாமல் போனவன் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால், தேடி என்ன ஆகப்போகிறது என்று அந்த வீட்டுப் பெண்ணின் முகத்துக்கு நேராகச் சொன்னதாக ஆகிவிடும்.

ஜெபமலர் தலையில் சுமந்துகொண்டு ஓடிவந்தாள். சிலுவை போட்ட நீலக் கேன். மூடியைத் திறந்த உடனே லிங்கத்துக்கு மணம் தெரிந்துவிட்டது. வள்ளத்து எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய். அந்த வீட்டில் இருந்தது அதுதான். போலீஸ் படகு டீசலில் ஓடுவது. ஊற்ற முடியாது, மறுக்கவும் முடியாது. ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது. லிங்கம் இரண்டு கையாலும் அதை வாங்கினார், படகின் ஓரத்தில் வைத்தார். பின்னால் டீசல் கேன்கள் வரத் தொடங்கின. விசைப்படகுக்காரர்கள் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து ஊற்றினார். ஜெபமலர் கூட்டத்துக்குள் போனதும் நீலக் கேனை எடுத்து ஜெட்டியில் கயிறு கட்டும் தூணுக்குப் பின்னால் இறக்கிவைத்தார்.

"அந்த நேரத்துல, 'ஜெபமலரே, இது வேண்டாம், டீசல்தான் வேணும்'னு சொல்லியிருந்தா இன்னைக்கு ஒரு சிக்கலும் இல்ல" என்று ஒருமுறை சொன்னார். பிறகு அவரே, "எங்கன சொல்ல? சொல்ல முடியாதுல்லா" என்றார்.

எஸ்.ஐ. கையைக் காட்டினார். படகு போனது.

செல்வகணேஷைக் கண்டுபிடித்தார்கள். காலி எண்ணெய்க் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தான். படகில் தூக்கிப் போட்டதும் அவன் முதலில் சொன்னது, "அண்ணன் இப்பத்தான் கைய விட்டாரு, அந்தப் பக்கம்" என்பது. லிங்கம் படகைத் திருப்பினார். வேகம் கொடுத்தார். எஞ்சின் சூடேறி அலறியது. தேய்ந்த பம்பு தண்ணீர் இழுக்கவில்லை. எஞ்சின் நின்றுவிட்டது. செல்வகணேஷ் விரல் நீட்டிய திசையைப் பார்த்துக்கொண்டே அவர்கள் மிதந்தார்கள். வாளியால் கடல்நீரை அள்ளி எஞ்சின்மேல் ஊற்றிப் பார்த்தார் லிங்கம். கையெல்லாம் வெந்தது. அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மீன்பிடிப் படகு வந்து போலீஸ் படகைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது. சேசடிமையின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு மனிதன் செத்ததற்காக எந்த விசாரணையும் வைக்கப்படவில்லை. மீன்காரர்கள் போலீஸ் படகை இழுத்து வரும் படத்தை யாரோ போனில் எடுத்தார்கள். அது ஊரெல்லாம் சுற்றி, பத்திரிகையில் வந்து, டெல்லிவரை போனது. 'கோடிகள் கொட்டிய பாதுகாப்பு கயிற்றின் முனையில்' என்று ஒரு மலையாளப் பத்திரிகை எழுதியது. அதற்குப் பிறகுதான் விசாரணை வந்தது. படகு ஏன் நின்றது என்று மேலே பதில் சொல்ல வேண்டும். பம்பு என்று சொன்னால் பம்பு ஏன் மாற்றவில்லை என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வி, கோப்பில் எழுதிய ஒவ்வொரு கையையும் தொட்டுக்கொண்டு மேலேறும். கேன் என்று சொன்னால் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியோடும் மீன்காரர்களோடும் முடிந்துவிடும். ஜெட்டியில் தூணுக்குப் பின்னால் ஒரு கேன் நிறைய மண்ணெண்ணெய் தயாராக இருந்தது. அதை எடுத்துப் போய்ப் பரிசோதித்தார்கள். டாங்கில் மிச்சமிருந்ததை யாரும் பரிசோதிக்கவில்லை. படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள். ஊற்றாத கேனை வைத்து, ஊற்றியது என்ன என்று கண்டுபிடித்தார்கள்.

அதோடும் விடவில்லை. ஜெபமலரைச் சாட்சியாக நிலையத்துக்கு அழைத்தார்கள். கேனைக் காட்டி, "இது உன்னுடையதா?" என்றார்கள். ஆமாம் என்றாள். "இதனால்தான் எஞ்சின் நின்றது. கையெழுத்துப் போடு" என்றார்கள். போட்டாள்.

லிங்கம் அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனார். தான் அதை ஊற்றவே இல்லை என்று சொன்னார்.

"அவ என்ன சொன்னா தெரியுமா? 'அண்ணனுக்கு நல்ல மனசு'ன்னா. கட்டன்சாயா போட்டுத் தந்தா. நான் சொன்னதுல ஒரு வார்த்தைய அவ நம்பல்ல மக்களே. போலீசு முத்திரை வெச்சுக் காட்டினதுல்லா அவளுக்குச் சத்தியம். 'நான் சுமந்து கொண்டுவந்ததுதான் அவருக்கு எமன்'னு சுவரைப் பாத்துச் சொல்லுகா."

வக்கீல் சார் இரண்டு வாரம் அலைந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒருநாள் லிங்கத்தை எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்.

"லிங்கம், நான் சொல்றத பொறுமையாக் கேளு. டிபார்ட்மென்ட்ல பேசியாச்சு. 'பொதுமக்கள் தந்த கலப்பட எண்ணெயை, விதி தெரியாமல், மனிதாபிமானத்தால் ஊற்றிவிட்டேன், எஞ்சின் பழுதுக்கு வருந்துகிறேன்'னு எழுதிக் குடுத்தா போறும். அடுத்த மாசமே ஜோலிக்கு எடுத்துப்பா. கேஸும் க்ளோஸ் ஆயிடும்."

"வருந்துகேன்னு போட எனக்குத் தயக்கமில்ல சார். சேசடிமைக்காக நான் தினம் வருந்துகேன். ஆனா கலப்பட எண்ணெயின்னு எழுத மாட்டேன்."

"ஏண்டா, ஒரு வார்த்தைதானே? யாரு வாசிக்கப் போறா?"

"ஜெபமலர் வாசிப்பா. இல்லன்னா எவனாவது வாசிச்சுக் காட்டுவான். லிங்கம் அண்ணனே எழுதிக் குடுத்துட்டாரு, அப்ப உண்மைதான்னு ஆகும். எனக்க ஜோலிக்காக அவளுக்க மாப்பிள்ளையை அவ தலையில கெட்டிவெக்கச் சொல்லுகியளா?"

"நீ வேலைய இழப்பே. ஆத்துல கேட்டியோ?"

"செண்பகவல்லிட்ட கேட்டேன். எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வராதேன்னுட்டா."

வக்கீல் சார் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த டிராஃப்டக் கிழிச்சுப் போடும்மா. புதுசா எழுது. அவன் சொல்றத அப்படியே எழுது" என்றார்.

அப்படியே எழுதினோம். டாங்கில் ஊற்றியது டீசல் மட்டும். மண்ணெண்ணெய்க் கேன் ஊற்றப்படவில்லை, கடைசிவரை ஜெட்டியில்தான் இருந்தது. பம்பு மாற்றப்படவில்லை. ஒத்திகைக்கான டீசல் அப்போது ஷெட்டில் இருந்தது, கேட்டும் தரப்படவில்லை.

பதில் வந்தது. விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று ஒரு வரி. அந்த வருடத்தோடு லிங்கத்தின் ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டார்கள். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். ஒத்திகை டீசலைப் பற்றிக் கேட்ட இடத்தில், உள்நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தகவல், வெளியிட இயலாது என்று சொல்லிவிட்டார்கள். யாருடைய பாதுகாப்பு என்று நான் கேட்கிறேன். சேசடிமை இந்த நாட்டின் உள்ளே இருந்தவர் இல்லையா? கடற்கரையைக் காக்கிறோம் என்று கணக்கெழுதுகிறவர்கள், கடற்கரையில் இருக்கிறவர்களை எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள்? படகு இன்றும் ஜெட்டியில்தான் கிடக்கிறது, பாசி பிடித்து. இந்த வருட ஒத்திகைக்கு வாடகைப் படகு எடுத்தார்கள் என்று கேள்வி. ஒத்திகை வெற்றி என்று செய்தியும் வந்தது.

லிங்கம் இப்போது விழிஞ்ஞத்தில் ஒரு ஐஸ் ஆலையில் எஞ்சின் பார்க்கிறார். எப்போதாவது போனில் அழைத்து, "நம்ம கேஸ் உயிரோட இருக்கா, இல்ல அதையும் தேடிப் போகணுமா?" என்பார்.

அந்தப் புதிய விளக்கத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, வேலை போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. லிங்கம் நிதானமாகத் தன் பெயரைத் தமிழில் எழுதினார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி என் மேசைக்கு வந்தார்.

"மக்களே, ஒரு உபகாரம் செய்யணும். இதைத் தமிழ்ல ஆக்கி வெச்சுக்கிடுங்க. ஒருநாள் ஜெபமலர் வீட்டுக்கு வந்து அவளுக்கு வாசிச்சுக் காட்டணும். நான் சொன்னா நல்ல மனசும்பா. நீங்க அவளுக்கு யாருமில்லல்லா, நீங்க வாசிச்சா நம்புவா. என்னைப் பத்தி உள்ளதையெல்லாம் விட்டிருங்க. கேன் கரையிலதான் இருந்ததுன்னு வருதுல்லா, அந்த இடத்தை மட்டும் மெதுவா, ரெண்டு தரம் வாசியுங்க."